அந்தத் தேயிலை மரம் தாகத்தில் சாகவில்லை

மேனேஜர் ஐயா, அந்தத் தேயிலை மரத்தைக் கொன்றது நீங்கள்தான். செல்வராணி இல்லை.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பூந்தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று இந்தச் சிறப்பு மலரைப் போடுகிறவர்கள் கேட்டார்கள். ரோஜாவுக்கு என்ன உரம், புல்லை எப்போது வெட்டுவது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். நான் இதைத்தான் எழுதுவேன். இந்த மலர் உங்கள் வரவேற்பு மேசையிலும் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் எடுத்துப் படியுங்கள்.

பிள்ளைகளே, என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பாக்கியம். டயகமப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். பிறகு நாற்று மேடையில் வேலை செய்தேன். பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியபோது அங்கே பூந்தோட்டத்துக்குப் போனேன். சட்டி மரங்கள், அதாவது போன்சாய், என் பொறுப்பு. போன வருஷம் ஓய்வு பெற்று இப்போது ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பிறகு அந்த மரங்களைப் பார்ப்பவள் செல்வராணி. மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலாக அவள் கையில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றாமல் அலட்சியமாக இருந்து ஹோட்டலின் பழைய மரத்தைச் சாகவிட்டேன் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மாதக் கடைசியோடு வீடு.

அவள் தண்ணீர் ஊற்றினாள். மரம் செத்தது வேறு காரணத்தால். அந்தக் காரணத்தைப் புரியவைக்க நான் என் தப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். போன்சாய் என்று தனியாக ஒரு மரச்சாதி கிடையாது. வெட்டி வெட்டிச் சட்டிக்குள் சின்னதாக வைத்திருக்கும் சாதாரண மரம்தான் அது. காட்டிலே சைப்ரஸுக்கு என்ன வேண்டுமோ, சட்டியிலே இருக்கும் சைப்ரஸுக்கும் அதுதான் வேண்டும். வெயில், காற்று, மழை, மூடுபனி, ராத்திரிக் குளிர். சின்னதாக இருக்கிறதே என்று அதை மேசைக்கு எடுத்துப்போகிறார்கள். கைக்குழந்தையும் சின்னதுதான். அதை ஷோகேஸில் வைப்பீர்களா?

இந்த மலையில் பிறந்துவிட்டு எனக்குப் போன்சாய் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள், கோபம் வரும். தேயிலை என்றால் என்ன? சும்மா விட்டால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைக்கு மேலே போகிற மரம். அதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பு உயரத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நம் ஆட்கள் செய்த போன்சாய்தான். ஆனால் எந்தத் துரையும் நாலாம் நம்பர் தேயிலை மலையைத் தூக்கி ஹாலுக்குள் வைக்கச் சொன்னதில்லை.

சரி, என் தப்பு.

பங்களாவுக்குப் போன முதல் வருஷம். தை மாதம். காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. பனி விழுந்து தாழ்வான மலைகளில் தேயிலை கருகிப்போனது. தேயிலைக்காரிக்குப் பனி என்றால் பயம். கொழுந்து கருகினால் வேலை குறையும், வேலை குறைந்தால் அடுப்பு குறையும். அந்தப் பயம் என் எலும்பில் இருந்தது. எனவே என்ன செய்தேன்? சட்டியில் இருந்த சைப்ரஸைத் தூக்கி ஹாலுக்குள் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பழைய சால்வையைக்கூடச் சட்டியைச் சுற்றிக் கட்டினேன். சிரியுங்கள், பரவாயில்லை.

அஞ்சு வாரம் அது பச்சையாகவே இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது பூந்தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பழைய கண்டாக்கு ஐயா. தோட்டத்தில் மலை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். பேரைப் போட மாட்டேன், போட்டால் "எதுக்குப் புள்ள இந்த விளம்பரம்" என்று ஏசுவார். அவர் ஹாலுக்கு வந்தார். மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கட்டை விரல் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே பச்சை இல்லை. காய்ந்த விறகு நிறம்.

"பாக்கியம், இந்தத் தண்ணி யாருக்கு?"

"மரத்துக்குங்க ஐயா."

"மரம் செத்து ஒரு மாசமாச்சு. நீ என்ன, கருமாதி நடத்துறியா?"

"பச்சையா இருக்குங்களே ஐயா!"

"சைப்ரஸ் செத்தாலும் சொல்லாது புள்ள. வெட்டிப்போட்ட கெளையும் ஒரு மாசம் பச்சையாத்தான் இருக்கும். பனியில கெடந்தா நல்லாயிருந்திருக்கும். அது பனிக்குப் பொறந்த மரம். நீ தேயிலைக்குப் பயந்து சைப்ரஸக் கொன்னுட்ட."

அழுதுவிட்டேன். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "நாளைக்குப் பெரட்டுல சொல்லு" என்றார்.

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியும், காலையில் எல்லாரும் கூடி நின்று பேர் சொல்லி வேலை பிரிக்கிற இடம். பங்களா ஹோட்டல் ஆன பிறகும் சமையலறைக்குப் பின்னால் அந்தப் பெரட்டு நடந்தது. கண்டாக்கு ஐயா அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தச் செடியைக் கொன்றாலும் கொன்றவரே முன்னால் வந்து சொல்ல வேண்டும். எது செத்தது, நான் என்ன செய்தேன், அவ்வளவுதான். ஏச்சு கிடையாது, கடிதம் கிடையாது. ஏன் என்று நான் ஒரு தரம் கேட்டதற்கு, "ஒளிச்சு வச்ச தப்ப இன்னொருத்தன் திரும்பச் செய்வான்" என்றார்.

மறுநாள் நான் முன்னால் போய், "சைப்ரஸ் செத்துப்போச்சு. பனிக்குப் பயந்து உள்ள வச்சது நான்தான்" என்றேன். பிறகு சமையல்காரர், "அந்தச் சால்வையையும் சேர்த்துப் பொதைச்சிடு பாக்கியம்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "யாருக்கு பாக்கியம் தண்ணி?" என்றே கேட்டார்கள். அதன் பிறகு அந்தப் பங்களாவில் யாரும் சைப்ரஸை உள்ளே வைக்கவில்லை.

இனி, உள்ளே வைத்தால் ஏன் சாகிறது என்று கேளுங்கள். எனக்குக் கண்டாக்கு ஐயா சொன்னதைத்தான் சொல்கிறேன். இலைதான் மரத்துக்கு அடுப்பு, வெளிச்சம்தான் நெருப்பு. நெருப்பு இல்லாமல் சோறு வேகாது. தண்ணீர் சோறு இல்லை. உரமும் சோறு இல்லை. "உள்ளேயும் வெளிச்சம் இருக்கே" என்பார்கள். நம் கண் ஒரு ஏமாற்றுக்காரன். இருட்டுக்குப் போனால் இருட்டுக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும். மரத்தின் இலைக்கு அந்தத் தந்திரம் தெரியாது. ஜன்னலிலிருந்து நாலு எட்டு உள்ளே போய், ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். நிழல் ஒழுங்காக விழவில்லை என்றால் அந்த இடத்தில் மரத்துக்குச் சாப்பாடு இல்லை.

அதோடு கணப்பு அடுப்பு. ஆட்களுக்குச் சுகம், இலைக்கு வேதனை. காற்று காய்ந்துபோகும். மரம் வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். பட்டினி கிடக்கிற மரம் குடிக்காது. மண் சேறாகும், வேர் அழுகும். போதாததற்கு விருந்தாளிகள் மிச்ச பிளேன்டியை, அதுதான் பாலில்லாத தேநீரை, சட்டியில் ஊற்றுவார்கள். சிகரெட்டை அணைப்பார்கள். ஒரு தரம் ஒருவர் அதில் பல்குச்சிகளை வரிசையாக நட்டிருந்தார், வேலி போட்டாராம்.

ஆனால் ஹோட்டல்காரருக்கு உள்ளே மரம் வேண்டும். அதையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. பார்க்கத்தானே வருகிறார்கள். அதற்குக் கண்டாக்கு ஐயா ஒரு வழி செய்தார். சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி மரங்களுக்கும் பெரட்டு வைத்தார். மொத்தம் எட்டு மரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். உள்ளே ரெண்டு நாள் வேலை, வெளியே ரெண்டு வாரம் ஓய்வு. காலையில் எங்கள் பேரைக் கூப்பிட்டு முடித்ததும் மரத்தின் பேரைக் கூப்பிடுவார். "கூனன் உள்ள, குட்டையன் வெளிய!" யாராவது மரத்துக்காக "வந்தேன் ஐயா!" என்று குரல் கொடுப்பார்கள். பெரிய கூத்தாக இருக்கும். ஆனால் ஒரு மரமும் சாகவில்லை.

பத்து நாள் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா வரவேற்பில் இருந்தவரிடம் போய், நேற்று மரம் இடது பக்கம் சாய்ந்திருந்தது, இன்றைக்கு வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாராம். அவர் சற்றும் யோசிக்காமல், "இந்த ஊர்க் காற்று அப்படி, மேடம்" என்றிருக்கிறார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே போய் அதை டயரியில் எழுதினார்.

இன்னொரு சமயம் கொழும்பிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. எட்டு மரத்தையும் மண்டபத்துக்குள் ஒரு வாரம் வை என்று உத்தரவு. அது பழைய மேனேஜர் காலம். கண்டாக்கு ஐயா லீவில் இருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்றால் வேலை போகும், சரி என்றால் மரம் போகும். என் வாய் முந்திக்கொண்டது. "ஐயா, மரத்த உள்ள கொண்டுபோறதவிட பொண்ணு மாப்பிள்ளைய வெளிய கொண்டுவர்றது லேசு. அவங்களுக்குக் கால் இருக்கு." பழைய மேனேஜர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். வெளி வராந்தாவில் எட்டையும் வரிசையாக வைத்தோம். தூறலில் குடை பிடித்தபடி பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கே நின்று எடுத்த படம் பங்களா சுவரில் இன்னமும் தொங்குகிறது. பிள்ளைகளே, நெருக்கடியில் முடியும், முடியாது என்ற ரெண்டு பதிலும் மோசமாக இருந்தால் மூன்றாவதைத் தேடுங்கள். அது பெரும்பாலும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும்.

இப்போது தேயிலை மரத்துக்கு வருகிறேன்.

நாலாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்தபோது, விறகுக்குப் போகவிருந்த ரெண்டு அடிக்கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை. யானைக்கால் மாதிரி அடி. கவ்வாத்து வெட்டி, வேரைச் சுருக்கிச் சட்டியில் ஏற்றினேன். ரெண்டும் தளிர்த்தன. மூத்தவன், இளையவன் என்று பேர் வைத்தோம். கொழும்பிலிருந்து வருகிற முதலாளிக்கு மூத்தவன் மேல் கொள்ளை ஆசை. ஆட்களைவிட அவனைத்தான் முதலில் விசாரிப்பார்.

நான் ஓய்வு பெற்றேன். கண்டாக்கு ஐயா அதற்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். புது மேனேஜர் வந்தார்.

ஒரு நாள் மத்தியானம் செல்வராணி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மூத்தவன் எலயெல்லாம் கொட்டிட்டான்க்கா."

"எங்க வச்சிருக்கீங்க?"

"ஹால்லக்கா. நடு மேசையில. மூணு மாசமா."

"மூணு மாசமா? பலகையில பேர் மாத்தலயாடி?"

"பலகைய அழிச்சிட்டாங்கக்கா. இப்ப அதுல வைஃபை பாஸ்வேர்ட் எழுதியிருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் போனைப் போட்டு உடைத்திருப்பேன், மகளுடைய போன் என்பதால் விட்டேன்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேனேஜர் ஐயா வந்த புதிதில் மூத்தவனுக்கு மஞ்சள் பல்பு போட்டு நடு ஹாலில் நிரந்தரமாக வைக்கச் சொன்னார். இவள் பெரட்டு முறையைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை. விடியற்காலையில் ரெண்டு தரம் தானே மரத்தை வெளியே தூக்கி வைத்திருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "இது என்ன நாயா, வாக்கிங் கூட்டிட்டுப் போறதுக்கு?" என்றிருக்கிறார். பகிடி நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் நாயை மூன்று மாதம் உள்ளே பூட்டிவைத்தால் அது குரைத்து ஊரைக் கூட்டியிருக்கும். மரம் பாவம்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், ரெண்டாவது மாதம் மூத்தவன் நீள நீளமாகத் தளிர் விட்டிருக்கிறான். மேனேஜர் ஐயா படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார், "என் காலத்தில்தான் நன்றாக வளர்கிறது" என்று. பின்னால் நேரில் போனபோது செல்வராணியின் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இலைக்கும் இலைக்கும் நடுவில் ஒரு விரல் நீளம். வெளிறிய பச்சை. கொழுந்து பறித்த எவளிடம் காட்டினாலும் சொல்வாள், இது கொழுந்து இல்லை என்று. வெளிச்சம் எங்கே, வெளிச்சம் எங்கே என்று அந்த மரம் கையை நீட்டித் தடவியிருக்கிறது. கடைசிச் சேமிப்பை எல்லாம் அதில் செலவழித்துவிட்டு இலையைக் கொட்டியது.

பஸ் பிடித்துப் போனேன். மேனேஜர் ஐயா மரியாதையாகத்தான் பேசினார்.

"வாங்கம்மா. உங்க மரம்தான். என்ன செய்யிறது, அந்தப் புள்ள தண்ணியே ஊத்தல."

நான் சட்டியில் விரலை வைத்தேன். நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது.

"ஐயா, நீங்களும் ஒரு விரல் வைங்க. சேறா இருக்கு."

"நேத்து ஊத்தியிருப்பா. செத்த பிறகு ஊத்தினா ஆச்சா?"

கெட்டிக்காரர். ஒரு காலத்தில் நானே செத்த மரத்துக்கு ஒரு மாசம் ஊற்றியவள்தானே. செல்வராணி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஆட்களும் வந்து நின்றுவிட்டார்கள். நான் வெறுங்கையோடு திரும்பினால் அவள் கதை அன்றைக்கே முடிந்தது.

அப்போதுதான் தேயிலை மலையில் செய்கிற ஒரு வேலை ஞாபகம் வந்தது. கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் கண்டாக்கு ஐயாமார் ஒரு வேரை வெட்டி அதில் அயடின் தடவிப் பார்ப்பார்கள். வேரில் மாவுச் சேமிப்பு இருந்தால் கறுநீலமாக மாறும். மாறினால் வெட்டலாம், மரம் திரும்பத் தளிர்க்கும். மாறாவிட்டால் வெட்டக் கூடாது, மரத்திடம் எதுவும் மிச்சமில்லை. நாங்கள் சின்ன வயதில் அது என்னவோ ஜோசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"முதலுதவிப் பெட்டியில அயடின் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏன்? யாருக்குக் காயம்?" என்றார் மேனேஜர் ஐயா.

"மரத்துக்குத்தான். ஒரு உருளைக்கெழங்கும் கொண்டுவாங்க."

"ஏதோ மந்திரம் பண்றாங்க" என்று யாரோ சொன்னார்கள். சமையல்காரர் உருளைக்கிழங்கோடு வந்தார். என் சால்வையைப் புதைக்கச் சொன்ன அதே மனுஷன். "பாக்கியம், இத பொதைக்கவா, பொரிக்கவா?" என்றார்.

கிழங்கை வெட்டி அயடினை ஒரு சொட்டு விட்டேன். எல்லார் முன்னாலும் கறுத்தது. "இதுல மாவு இருக்கு, அதான் கறுக்குது" என்றேன். வெளியே இருந்த இளையவனின் வேரில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி ஒரு சொட்டு விட்டேன். அதுவும் கறுத்தது. பிறகு மூத்தவன். சேறு படாத மேல் வேர், இன்னும் அழுகாதது, அதைப் பார்த்து வெட்டினேன். ஒரு சொட்டு. காத்திருந்தோம். இன்னொரு சொட்டு. அயடின் நிறத்திலேயே அப்படியே இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் மேனேஜர் ஐயா.

"ஐயா, தண்ணி இல்லாம திடீர்னு செத்தவன் வீட்டுல அரிசி மூட்டை அப்படியே இருக்கும். மூட்டை காலியா இருந்தா அவன் பட்டினியில செத்திருக்கான். இவன் மூணு மாசம் பட்டினி. தண்ணி ஊத்துறது செல்வராணி வேலை. அவ ஊத்தினா. வெளிச்சத்த விட்டு எடுத்தது யாரு?"

சமையல்காரர் கறுத்த கிழங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இனி சோத்துக்கு ஆகாது" என்றார்.

மேனேஜர் ஐயா என்னை அலுவலக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார். "அம்மா, சத்தியமா எனக்கு இது தெரியாது. ஆனா முதலாளி கேக்குறார். நான்தான்னு சொன்னா என்னை வச்சிருப்பாரா? அந்தப் புள்ள ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நிரந்தரமும் ஆக்குறேன். இதுல யாருக்கு நட்டம், சொல்லுங்க" என்றார்.

நான் வெளியே வந்தேன். பிள்ளைகளே, மறைக்காமல் சொல்கிறேன். போட்டுத் தொலையடி என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. செல்வராணியின் ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்று வருஷம் காத்திருந்த வேலை. ஒரு கையெழுத்து. மரமோ செத்தாயிற்று.

செல்வராணிதான் முந்தினாள்.

"அக்கா, நான் போட்டுட்டா, நாளைக்கு இளையவன உள்ள வைக்கச் சொல்லுவாரு. நான் வேணாம்னா, 'மூத்தவன் செத்தது நீ தண்ணி ஊத்தாம, எழுதியே குடுத்திருக்க'ன்னு காகிதத்தக் காட்டுவாரு. அப்ப நான் என்ன பேசுறது?"

"உள்ள வைக்கச் சொல்லுவாரா?"

"சொல்லிட்டாருக்கா. முதலாளி வர்றதுக்குள்ள அதே மேசையில அவன வைக்கணுமாம். பார்த்தா வித்தியாசம் தெரியாதாம்."

இத்தனை வருஷ அனுபவம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே, அன்றைக்கு அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்து அவளை மட்டும் பொய்க்காரியாக்காது. அடுத்து வருகிற தோட்டக்காரருக்கும் அதுதான் பாடப்புத்தகம். உள்ளே வை, நிறையத் தண்ணீர் ஊற்று, செத்தால் ஊற்றியவளைப் பிடி. அந்தப் புத்தகப்படி எட்டு மரமும் சாகும், எட்டுச் செல்வராணிகளும் வீட்டுக்குப் போவார்கள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. இன்று வரைக்கும் போடவில்லை. மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இளையவன் இதை எழுதும்போது வெளியேதான் இருக்கிறான், நல்ல வெயிலில், ரெண்டு இலையும் மொட்டுமாகத் தளிர் விட்டுக்கொண்டு. போன கிழமை அவன் கொழுந்தைக் கிள்ளிப் பிளேன்டி போட்டுக் குடித்தோம் என்று செல்வராணி சொன்னாள். கசந்ததாம். சட்டி மரத்துக்கு என்ன திமிர் பாருங்கள்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பெரட்டு வழக்கப்படி. மூத்தவன் செத்துவிட்டான். மரங்களின் பெரட்டு முறையைச் சாக்கட்டியால் பலகையில் எழுதியதோடு விட்டது நான்தான். போகும்போது ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. புதிதாக வருகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இது பாக்கியத்தின் தப்பு. எல்லாரும் படிக்கிற இந்த மலரில் எழுதிவிட்டேன். சமையல்காரர் இதற்கும் ஏதாவது பகிடி வைத்திருப்பார், சொல்லட்டும். சைப்ரஸுக்கு ஒரு வாரம் சிரித்தார்கள், அதன் பிறகும் எனக்குச் சோறு இறங்கத்தான் செய்தது.

மேனேஜர் ஐயா, இனி உங்கள் முறை. வருகிற திங்கட்கிழமை காலை, சமையலறைக்குப் பின்னால், பெரட்டில், எல்லார் முன்னாலும் வந்து நின்று பதில் சொல்லுங்கள். மூத்தவனை உள்ளே வைக்கச் சொன்னது யார்? செல்வராணியின் கடிதத்தை எப்போது கிழிக்கிறீர்கள்? இளையவன் எங்கே இருக்கப்போகிறான்? மூன்றே கேள்விதான். முதலாளியும் அன்றைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன், நல்லதாகப் போயிற்று. நானும் முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசையில் நிற்பேன்.

என்னைத் தனியாக அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டாம். கதவைச் சாத்தி உள்ளே வைத்தது எதுவானாலும் என்ன ஆகும் என்று இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். வெளியே வந்து சொல்லுங்கள்.